விமானத்தின் நின்ற கோலம்

நாகஜோதி செய்த விமானம் அருமையாகப் பறந்தது. நிற்கத்தான் தெரியவில்லை.

கம்ப்யூட்டருக்குள் பறக்கிற விமானம் அது. எழுமலைக்குத் தெற்கே பொட்டல்வெளியில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. மாணவர்கள் நிஜத்தில் ஏறுவதற்கு முன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழக, அங்கே இருக்கும் நாலு சீட்டு விமானத்தை அச்சு அசலாகச் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். அதற்காக ஐ.டி. வேலையை உதறிவிட்டு, விளாங்குடி வீட்டு மாடியில் ஒரு வருஷத் தவம். சொந்தக்காரர்கள் அவள் காதுபடவே பொம்மை செய்கிறாள் என்றார்கள்.

முதல் தடவை காட்டியபோது தலைமைப் பயிற்சியாளர் பாண்டிராஜ் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஓடுபாதையில் நின்றதைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார்.

"என்னம்மா இது, சுடுமண்ணுல மிதிச்ச மாதிரி எக்கிக்கிட்டு நிக்கிது? நம்ம வண்டி நல்லா அமுங்கி உக்காந்து நிக்கும். நிக்கிறதே பொய்யின்னா, பறக்கிறத பசங்க எப்படி நம்புவாய்ங்க?"

சனிக்கிழமை வரை பொறுப்பதாகவும், அதற்கு மேல் வெளிநாட்டுக் கம்பெனியில் வாங்கிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார்.

அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. போன ஆயுத பூஜையன்று, விமானம் பறக்காத நாளாகப் பார்த்துப் போய், தரையில் மண்டிபோட்டு அவளே டேப் பிடித்து எடுத்த அளவுகள். மயிரிழை பிசகாது. சரி, மொத்தமாகக் கீழே இறக்கிப் பார்ப்போம் என்று இறக்கினால் சக்கரம் பாதி ஓடுபாதைக்குள் போய்விட்டது. ஹார்டுவேர் கடைக்காரனான கணவன் சூரியபிரகாஷ், பேசாமல் தரையைக் கொஞ்சம் மேலே ஏற்றிவிடு என்று யோசனை சொல்லி முறைப்பு வாங்கிக்கொண்டான்.

கடைசியில் ஆயுத பூஜையன்று பிடித்த போட்டோக்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினாள். மூக்கில் சந்தனம் குங்குமம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று, சாமந்தி மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பழம் முழுசாக இருந்தது. ஒரு டன் விமானம் ஏறி நிற்கிற பழம் நசுங்காமல் எப்படி இருக்கும்?

வாழைக்கன்றுகளை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தாள். அவை கட்டப்பட்டிருந்தது ஜாக்கிகளில். சக்கரத்தைக் கழுவுவதற்காகத் தூக்கியவர்கள், இறக்காமலே பூஜையைப் போட்டிருக்கிறார்கள். பாரமில்லாமல் முழு நீளத்துக்கும் இறங்கித் தொங்கிய சக்கரக் கால்களைத்தான் அவள் அளந்து வந்திருக்கிறாள். கடவுளே, இம்புட்டு மாலைக்கு நடுவே எந்த ஜாக்கி கண்ணில் படும்? அவள் சிரித்த சிரிப்பில் சூரியபிரகாஷ் பயந்தே போனான்.

மறுநாளே இருவரும் எழுமலைக்குப் போனார்கள். காலியாக நிற்கும்போது ஒரு அளவு, டேங்க் நிரப்பிய பிறகு ஒரு அளவு, சூரியபிரகாஷைப் பின்சீட்டில் உட்காரவைத்து இன்னொரு அளவு. கால் எவ்வளவு அமுங்குகிறது, டயர் எவ்வளவு பிதுங்குகிறது என்று எல்லாவற்றையும் எடுத்துவந்து கம்ப்யூட்டர் விமானத்துக்குள் புகுத்தினாள்.

சனிக்கிழமை, விமானக் கொட்டகையின் வெள்ளைச் சுவரில் புரொஜெக்டர் போட்டு, விமானத்தை அதன் அசல் உயரத்துக்கே நிறுத்தினாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றார் பாண்டிராஜ். பின்சீட்டில் இரண்டு பேரை ஏற்றினாள். வால் தாழ்ந்தது, மூக்கு லேசாக எழுந்தது. கொஞ்சம் உருட்டி பிரேக் பிடித்தாள். மூக்கு குனிந்து, பிறகு நிதானமாக நிமிர்ந்தது.

பாண்டிராஜ் சுவரருகே போய்க் குனிந்து, முன்சக்கரத்துக்கு மேலே பளபளத்த குழாயின் மீது விரல்களைப் படுக்கவைத்து, அது எத்தனை விரல் உயரம் வெளியே தெரிகிறது என்று அளந்தார். பறக்கக் கிளம்பும் முன் நிஜ விமானத்தில் அப்படித்தான் பார்ப்பார்கள். தன் நிழல் மறைக்கவே, விலகி நின்று மறுபடி அளந்தார். அளப்பது வெறும் சுவரை என்று அப்புறம்தான் உறைத்தது. மாணவர்கள் முன்னாலேயே வாய்விட்டுச் சிரித்தார்.

"கை தன்னால போயிருச்சும்மா. நம்ம வண்டியேதேன். திங்கக்கிழமை கிளாஸ இதுலயே வச்சுக்கிருவோம்."

ஜெயித்துவிட்டாள். நாகஜோதிக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவளுக்கு விசில் வராது. சூரியபிரகாஷ் இரண்டு விரலை வாயில் வைத்து, அவளுக்கும் சேர்த்து அடித்தான்.