யானைக்குட்டியின் மீதிக் கதை

மகள் தனக்கோடிக்குப் புத்தகத்தைக் கண்டாலே கொட்டாவி வந்துவிடும். லோகநாதனுக்கு அது பெரிய மனக்குறை. மாடம்பாக்கத்தில் அவன் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் அவன்தான். அந்தப் படிப்பால்தான் ஏரை விட்டுக் கோட்டைப் பக்கம் குமாஸ்தாவானான். மனைவி கிளியம்மாள் கைநாட்டு. மகளும் அப்படியே ஆகிவிடுவாளோ என்ற பயம் அவனை அரித்தது.

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கூட வரும் ராஜகோபாலன் ஒரு வழி சொன்னார். கதையை வாய்விட்டுப் படித்துக் காட்டு, நல்ல கட்டத்தில் நிறுத்திப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்துவிடு என்றார். லோகநாதன் அதைச் சிக்கெனப் பிடித்துக்கொண்டான். தினமும் காலையில் ரயிலுக்குக் கிளம்பும் முன் படிப்பான். கதையில் புலி பாயும். இவன் எழுந்து சட்டையை மாட்டுவான். குழந்தை கெஞ்சினாலும் மசிய மாட்டான், அப்படி ஒரு பிடிவாதக்காரன். சாயங்காலம் அவன் திரும்புவதற்குள் அவளே எழுத்துக்கூட்டிப் படித்து முடித்திருப்பாள். ஒரே வருஷத்தில் பொட்டலம் கட்டிவந்த காகிதத்தைக்கூட விடாத பிள்ளையாகிவிட்டாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மழைக்காலத்தில் அவளுக்கு டைபாய்டு வந்தது. காய்ச்சல் கொஞ்சம் இறங்கியதும் கண்டம் தாண்டிவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். லோகநாதன் ஒரு புதுக் கதைப்புத்தகம் வாங்கி, ரயிலிலேயே முழுசாகப் படித்துவிட்டு வந்தான். காட்டில் தாயைப் பிரிந்த யானைக்குட்டியின் கதை. மறுநாள் காலை பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தான். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பிளிறல் கேட்டது. அங்கே நிறுத்தினான்.

"இன்னிக்கு மட்டும் நீயே படிச்சிடுப்பா. கண்ணு எரியுது."

அவன் மனசு ஒரு கணம் தடுமாறியது. ஆனால் பழகிய பழக்கம் போய்விடக் கூடாதே. அவளே படித்துச் சாயங்காலம் தனக்குச் சொல்ல வேண்டும் என்று கன்னத்தைத் தட்டிவிட்டுக் கிளம்பினான். பாவி, ஒரு ரயிலை விட்டிருக்கலாம்.

மத்தியானமே எல்லாம் முடிந்துவிட்டது. அவன் வந்தபோது வாசலில் ஊரே நின்றது.

காரியம் கழிந்த பிறகும் அந்தப் புத்தகத்தை அவனால் தொட முடியவில்லை. ஒரு கதையைக்கூட முழுசாகக் கேட்கவிடாமல் குழந்தையை அனுப்பிவிட்டேனே என்று கிளியம்மாளிடம் தேம்பினான். அவள் அந்தப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கேட்டுச்சு. என்னப் படிக்கச் சொல்லிக் கேட்டுச்சு. எனக்கு இன்னா தெரியும்? படத்தப் பாத்துகினு நானா ஒண்ணு சொன்னேன். குட்டி ஆத்தத் தாண்டி அம்மாகிட்ட போயிடுச்சுன்னேன். சிரிச்சுது. நான் படிக்கலேன்னு அப்பாகிட்ட சொல்லாதம்மான்னுச்சு."

லோகநாதன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"புஸ்தகத்துல அப்படித்தானே கீது?" என்று கேட்டாள் கிளியம்மாள். "தப்பா ஒண்ணும் சொல்லி அனுப்பலியே?"

புத்தகத்தில் அந்தக் குட்டி கடைசிவரை தாயைப் பார்க்கவே இல்லை.

"அப்படியேதான் கீது" என்றான் லோகநாதன்.