நம்ம பேங்கு

விடிவதற்குள் தன் ரப்பர் மர நிரையில் பாதிக்குப் பால் வெட்டி முடித்திருந்தாள் கேதரின். நெற்றி விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் உளி பட்டையைச் சீவிக்கொண்டு போக, பால் வழிந்து மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் சொட்டியது. முழங்கால் வரை நனைந்த கைலி காலோடு ஒட்டியது. கழுத்தில் மொய்த்த கொசுவை விரட்டக் கை ஒழியவில்லை. தோளை உயர்த்தித் தேய்த்துக்கொண்டு அடுத்த மரத்துக்கு ஓடினாள்.

பக்கத்து நிரையிலிருந்து மருதம்மாள் குரல் கொடுத்தாள். "இன்னிக்கு என்னடி சொல்வான் உன் பேங்கு வால்டர்?"

"கடன் கொடுப்பான். நம்ம பிள்ளை லா அவன்."

நம்பித்தான் சொன்னாள், பாவி.

குருண் டவுனுக்குப் பக்கத்திலிருந்த அந்தத் தோட்டத்தை வெள்ளைக்காரக் கம்பெனி ஒரு தவுக்கேயிடம், சீன முதலாளியிடம், விற்றுவிட்டது. மரங்களைச் சாய்த்துவிட்டு அவர் பங்களா கட்டி விற்கப் போகிறாராம். தீபாவளிக்குள் லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்று கணக்கெழுதும் கிராணி, ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் வாசித்தான். பிள்ளை பெற்ற மண்ணை, செத்தவர்களைப் புதைத்த மண்ணை விட்டு வெறுங்கையோடு போ என்றால் எங்கே போவது? ஒரே ஒரு வழி இருந்தது. தோட்டத்து எல்லைக்கு வெளியே மலிவாக மனை கிடைத்தது. பேங்கு கடன் கொடுத்தால் ஆளுக்கொரு கூரை எழுப்பிவிடலாம்.

பேங்கு என்றால் குருண் கடைத்தெருவில் இருந்த சின்ன பேங்கு. பெரிய பேங்குகள் கைலி கட்டியவர்களை வாசலிலேயே எடைபோட்டுத் திருப்பி அனுப்பும். இது எளியவர்களுக்கென்றே வந்ததாகச் சொல்லிக்கொண்டது. மேனேஜர் வால்டர் இதே லயத்தில் பிறந்தவன், மாதா கோயிலில் கேதரினோடு நின்று பாட்டுப் பாடியவன். சம்பள நாளில் சேமிப்புப் பணம் வாங்க பேங்கு வேன் பால் ஸ்டோர் வாசலுக்கே வந்துவிடும்.

அதற்கு முன் பெண்கள் கூட்டு போட்டு வந்தார்கள். மாதாமாதம் எல்லாரும் பணம் போட, ஒவ்வொருத்தியாக மொத்தத்தையும் எடுப்பாள். யார் வீட்டில் சாவு, நோய் என்றாலும் முறை அவளுக்குத்தான். அதைக் கலைக்க வைத்தவனே வால்டர். "பேங்கும் ஒரு பெரிய கூட்டுதான் அக்கா. போட்டுக்கிட்டே வாங்க. கஷ்டம்னு வந்தா உங்க முறை தானா வரும்" என்றான். கேதரின் வீடு வீடாகப் போய் அதையே ஒப்பித்தாள். மருதம்மாள் பேங்குப் புத்தகத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்துச் சாமி மாடத்தில் ஏற்றினாள்.

பால் நிறுத்து முடித்ததும் இருவரும் குளித்து, நல்ல சேலை கட்டிக் குருணுக்குப் போனார்கள். வால்டர் எழுந்து நாற்காலி போட்டான். கடன் என்றதும் பேனாவை மூடி வைத்தான்.

"சூசா லா அக்கா, கஷ்டம். நீங்க நாள் கூலி. தோட்டம் போனா வேலையும் போயிடும். எதை நம்பிக் கொடுக்கிறது?"

"எங்க பணத்தை வாங்கினப்ப நாங்க எதை நம்பிக் கொடுத்தோம், தம்பி?"

"அது வேற, இது வேற."

"ஏழைங்களுக்கு வீட்டுக் கடன் கொடுக்கணும்னு கவர்மெண்டே சொல்லுதாமே? யூனியன்ல சொன்னாங்க" என்றாள் மருதம்மாள்.

"கொடுக்கிறோமே. டவுன்ல சின்னச் சம்பளக்காரங்களுக்குக் கொடுத்திருக்கோம். எஸ்டேட்டுக்குத்தான் கொடுக்கணும்னு எங்கேயும் சொல்லல."

"அப்ப எங்க பணம் யாருக்குப் போச்சு?"

"பெரிய கடனெல்லாம் செக்யூரிட்டி பார்த்துத்தான் அக்கா. தவுக்கேக்குக் கொடுத்தோம்னா, அடமானம் வைக்க அவர்கிட்ட நிலம் இருக்கு."

வாய் தவறியது அவனுக்குச் சொன்ன பிறகுதான் உறைத்தது.

"எந்த நிலம்?" என்றாள் கேதரின்.

வால்டர் மேசைமேல் கிடந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினான்.

"நாங்க குடியிருக்கிற நிலமா? எங்க காசைக் கொடுத்தே எங்களைத் துரத்துறீங்களா?"

"நான் தனியா முடிவெடுக்கல அக்கா. பிஸ்னஸ்."

கேதரின் மருதம்மாளோடு வெளியே வந்தாள். எவனோ ஒருவன் ஏமாற்றியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். கூடப் பிறக்காத தம்பி என்று நம்பினவன் செய்ததை எங்கே போய்ச் சொல்வது? எதிர்ச் சாப்பாட்டுக்கடையில் போய் உட்கார்ந்ததும், கடைக்காரர் ஜபருல்லா விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "எனக்கும் கடன் இல்லேன்னுட்டான். என் கல்லாக் காசு மட்டும் தினமும் இனிக்குது அவனுக்கு" என்றார்.

சாயங்காலம் பால் ஸ்டோர் முன்னால் கேதரின் எல்லாவற்றையும் சொன்னாள். "நான்தான் உங்களைப் போட வச்சேன். திட்டுறவங்க திட்டுங்க."

திட்டினார்கள். நியாயம்தானே. கோபம் அடங்கியதும், நாளைக்கே மொத்தப் பணத்தையும் எடுத்துவிடலாம் என்றது ஒரு குரல்.

"எடுத்துட்டா, விட்டுது சனியன்னு அவன் நிம்மதியா இருப்பான்" என்றாள் மருதம்மாள். "கையில வர்ற காசுல வீடு கட்ட முடியுமா? பணம் அங்கேயே கிடக்கட்டும். எல்லாரும் போய்க் கடன் கேட்போம். கொடுக்கிற வரைக்கும் கேட்போம்."

மறுநாள் பெரட்டில் பேர் கூப்பிட்ட மேற்பார்வைத் தண்டலுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. ஆணும் பெண்ணும் வேலை உடுப்போடு, காய்ந்த ஒட்டுப்பால் நாற்றத்தோடு குருண் ரோட்டில் நடந்தார்கள். பேங்கு திறந்ததும் கவுண்டரிலிருந்து தெருவரை வரிசை நீண்டது. எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: வீட்டுக் கடன். ஜபருல்லா கடைக் கதவைச் சாத்திவிட்டு, கைலியில் கையைத் துடைத்தபடி ரோட்டைத் தாண்டி வந்து கடைசியில் நின்றார்.

வால்டர் வெளிறிப்போய் வந்தான். கேதரினைச் சுவரோரம் அழைத்துக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, உங்க ஒருத்தருக்கு எப்படியாவது பாஸ் பண்ணித் தர்றேன். இவங்களைக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க. போலீஸ் வந்தா நல்லாயிருக்காது."

பொய் சொல்வானேன், ஒரு கணம் அவள் மனம் ஆடித்தான் போனது. சிமெண்டுத் தரை, தண்ணீர்க் குழாய், யாரும் எழுப்பி விரட்ட முடியாத ஒரு வாசல். பிறகு அவள் வரிசையைப் பார்த்துத் திரும்பினாள்.

"எனக்கு மட்டும் கடன் தர்றாராம்!" தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். "உங்களைக் கூட்டிக்கிட்டுப் போயிடணுமாம்!"

ஒருவரும் அசையவில்லை. போலீஸுக்குப் போன் போட வால்டர் உள்ளே ஓடினான். மருதம்மாள் ஓரடி நகர்ந்து இடம் விட்டாள். கேதரின் போய் அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றாள்.