ஐந்தாம் மாடிக் கல்யாணம்

நண்பன் கல்யாணத்துக்கு வந்த ஊர் மொத்தத்தையும் தான் ஒருவனே ஐந்து மாடி தூக்கிச் சென்றதாக, ஞாயிற்றுக்கிழமை திரும்பும் ரயிலில், ஓய்வுபெற்ற லிஃப்ட்காரர் சொன்னார். எதிர் சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள்.

"அளக்காதீங்க அத்தான். மண்டபத்துல உங்களை நான் பார்க்கவே இல்ல," என்றான் கூட வந்த மைத்துனன்.

வாழ்த்துச் சொல்லத்தான் அவர் லிஃப்டில் ஏறினார். யாரோ "அஞ்சு" என்றார்கள். விரல் தானாகப் பொத்தானுக்குப் போயிற்று. அப்புறம் கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. யானைக் கூட்டமே வந்திருந்தாலும் ஏற்றி இறக்கியிருப்பார். வேலைக் காலத்தில் தினமும் லிஃப்டில் தன்னோடு கதையடித்த அந்த இளம் மேனேஜரை, இந்த மாப்பிள்ளையைத்தான் அவர் நண்பன் என்று சொல்லித் திரிந்தார். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், ரயிலே வேண்டாம், வீட்டுக்குப் பறந்தே போய்விடுவார்.

"கடைசியில மாப்பிள்ளையையும் நான்தான் இறக்கினேன்."

"என்ன சொன்னாரு?" என்று கேட்டார் எதிர் சீட்டுக்காரர் ஒருவர்.

"'கீழே'ன்னாரு. போன்லேர்ந்து தலையைத் தூக்கல."

"தூக்காம இருப்பாரா? சும்மா சொல்றீங்க."

மைத்துனன் லிஃப்ட்காரர் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினான்.

"நடந்தது நிஜம்தான் அத்தான். லிஃப்டுல மாப்பிள்ளைக்குப் பின்னாடிதான் நான் நின்னேன். பெரிய மனுஷங்க கூட்டம். நானும் உங்களைத் தெரியாத மாதிரியே இறங்கிப் போயிட்டேன்."