கூடும் என்றார் ஹஜ்ரத்

...கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு என்ன குறைந்துபோயிருக்கும், என்று கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸின் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஜக்கரியா மறுகினான், பஸ் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்தது, ஊரட்டும், நின்றே போகட்டும்... தங்கச்சி பல்கீஸுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன, பொருந்துகிறவன் அண்ணன்தான் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவனுக்கு இடுப்பில் வலி, எடுக்காத இடத்தில் எப்படி வலிக்கும்? "மார்க்கத்துல கூடுமான்னு ஹஜ்ரத்தக் கேட்டுக்கினு வாண்ணா, கூடாதுன்னா எனக்கு வாணாம்" என்று அவள்தான் அனுப்பினாள், பொம்பளைகள் பள்ளிவாசலுக்குப் போய்க் கேட்கிற வழக்கம் இல்லை, கேள்வி போவதும் பதில் வருவதும் ஆம்பளை வாயில்தான். அஸர் தொழுகை முடிந்து கேட்டான், எப்படிக் கேட்டான்? உடம்பு அல்லாஹ் நம்மகிட்ட ஒப்படைச்ச அமானிதமாச்சுங்களே, அறுத்துக் குடுத்தா குத்தம்தானுங்களே, என்று பதிலையும் சேர்த்து ஊட்டித்தான் கேட்டான். அவரோ தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே, "விக்கறதுதான் பாய் கூடாது. குடுக்கறவன் உசுருக்கு ஆபத்து இல்லன்னு டாக்டரு சொன்னா, மனசாரக் குடுக்கலாம், கூடும். ஒரு உசுர வாழ வெச்சா எல்லாரையும் வாழ வெச்ச மாதிரி" என்றார். அதோடு விட்டாரா? "மனசு வரலன்னா வரலன்னு சொல்லிடுங்க, குத்தமில்ல. மார்க்கத்து மேல மட்டும் போட்டுடாதீங்க." வரவில்லை என்று எந்த வாயால் சொல்வது... பக்ரீத் ஆட்டின் குண்டிக்காய், அதன் கிட்னிதான், இரண்டையும் சுட்டு அம்மா அவன் தட்டில்தான் வைப்பாள், எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள் பல்கீஸ், ஒன்றை எடுத்து அவளுக்குக் கொடுக்கலாம் என்று தோன்றியதே இல்லை, அவளும் கேட்டதில்லை, கேட்காதவளுக்கு யார் கொடுப்பார்கள்?

தங்கச்சி வீட்டில், கால் வீங்கிக் கட்டிலில் கிடந்தவள், "இன்னாண்ணா சொன்னாரு?" என்றாள். கூடாதுன்னாரும்மா, என்றான், இவ்வளவு சுலபமா இது, எச்சில் விழுங்குவது போல... அவள், "சரி வுடு, அதுக்கு நீ ஏன் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு நிக்கற" என்றாள், பிறகு உள்ளே பார்த்து, "ஏய் ரிஸ்வானா, கேட்டுக்கினியா, ஹஜ்ரத்தே கூடாதுன்னுட்டாரு, இனிமே நீ வாயத் தொறக்கக் கூடாது" என்றாள். எதற்கு மகளிடம் சொல்கிறாள்? "பதினெட்டு ஆனதுதான் ஆச்சு, எங்கிட்டச் சொல்லாம டெஸ்ட்டு குடுத்துட்டு வந்துட்டாண்ணா, இவுளுதும் சேருதாம், நான் தரேன் நான் தரேன்னு ஒரே அழுவ." ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றது அந்தப் பெண். "பெத்த புள்ள குடுத்தாக்கூடவா கூடாது மாமு? நல்லாக் கேட்டீங்களா?"

பெத்த புள்ள குடுக்கலாமாம், என்றால் போதும், தங்கச்சியும் பிழைப்பாள், அவன் உடம்பிலும் கத்தி படாது, பொய்கூட முக்கால்வாசி உண்மையாகிவிடும், நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "யாரு குடுத்தாலும் அதான்" என்றான். "மாமுவக் கேள்வி கேக்காதடீ, போய் டீ போடு" என்று பல்கீஸ் அதட்டினாள். அந்தப் பெண் உள்ளே போனது, அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது... யாரும் அவனிடம் இனி எதையும் கேட்கப்போவதில்லை, அவனுடையது அவனிடமே இருக்கும், அப்படியிருக்க இந்தப் பெண் கொடுப்பதை எதற்காகத் தடுத்தான், அவள் கொடுத்துவிட்டால் இவன் கொடுக்காதவன் ஆகிவிடுவான் என்றா, அவ்வளவுதானா, அதற்காகவா...