ஜெயித்தவர்கள் வீட்டுக்கு

எல்லாரும் நலமா? முட்டி வலியெல்லாம் எப்படி இருக்கிறது? இங்கே ஓஹையோவில் மார்ச் பிறந்தும் பனி விட்டபாடில்லை. சரி, எங்கள் ஊர்க் கல்லூரிக் கூடைப்பந்துப் பெண் ஷெல்பி டவுனார்டின் கதைக்கு வருகிறேன்.

பழைய பயிற்சியாளர் ஹால்வர்சன் தன் ஆட்டக்காரிகளுக்கு வேறு ஆளை வைத்துப் பரீட்சை எழுதவைத்தார். அப்போது ஷெல்பி எட்டாம் வகுப்பு. குட்டு உடைந்தபோது அவளுக்குக் கல்லூரியில் கடைசி வருஷம். ஹால்வர்சனோ தெற்கே பெரிய கல்லூரியில், பெரிய சம்பளத்தில்.

கல்லூரி விளையாட்டுகளைக் கண்காணிக்கும் சங்கத்தின் விசாரணைக் குழு தண்டிக்குமுன் தானே தண்டித்துக்கொண்டால், தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று கல்லூரி கணக்குப் போட்டது. டிசம்பரில் அணி தோற்றுக்கொண்டே இருந்த நேரம் பார்த்து, விளையாட்டுத் துறைத் தலைவர் கெர்ம்ஸ் பெண்களைக் கூப்பிட்டார்.

"இந்த வருஷம் தேசியப் போட்டிக்கு நாம போறதில்லன்னு அறிவிச்சுட்டோம்மா. நீங்க எப்படியும் போகப்போறதில்ல. அடுத்த வருஷம் வர்றவங்களாவது தப்பிக்கட்டும்."

"நாங்க என்ன தப்பு பண்ணினோம் சார்?" என்றாள் ஷெல்பி.

"தண்டனை கல்லூரிக்கும்மா, உனக்கில்ல."

"களத்துல ஓடறது கல்லூரியா சார், நானா?"

வீட்டில் அம்மா டார்லா கொதித்தாள். "வேற காலேஜுக்குப் போயிடுடி!"

"பாதி வருஷத்துல எங்கம்மா போறது? யாரு சேத்துப்பாங்க?"

அதற்கப்புறம்தான் வினை. இனி இழக்க எதுவுமில்லை என்று ஆடினார்களோ என்னவோ, ஜெயிக்க ஆரம்பித்தார்கள். ஜெயித்து ஜெயித்து முதலிடத்துக்கே வந்துவிட்டார்கள். கடைசி ஆட்டம் சொந்த ஊரில், இரண்டாம் இடத்து அணியோடு. ஜெயிக்கிற அணிக்குத் தேசியப் போட்டியில் இடம். இவர்கள் ஜெயித்தால் மட்டும், இடம் தோற்றவர்களுக்கு.

ஷெல்பி பேய் மாதிரி ஆடினாள். ஜெயித்தார்கள்.

வழக்கமாக ஜெயித்தவர்கள் ஏணியில் ஏறி வளையத்து வலையைக் கத்தரித்து எடுத்துக்கொள்வார்கள். உதவியாளர் ஏணியைக் கொண்டுவர, கெர்ம்ஸ் ஓடிவந்து மறித்தார். "வேண்டாம்ப்பா, உள்ள கொண்டு போ. விசாரணைக் குழு பாத்தா நல்லா இருக்காது."

எதிர் அணிப் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைவி மட்டும் தயங்கித் தயங்கி வந்து ஷெல்பியைக் கட்டிக்கொண்டாள்.

"இது உங்க இடம். எங்களுக்கே ஒரு மாதிரியா இருக்கு."

"போடி. முதல் ஆட்டத்துலயே தோத்துட்டு வந்து நிக்காத, எங்க மானம்தான் போகும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். உடைமாற்றும் அறைக்குப் போனதும் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முதலாம் வருஷத்துப் பெண் கெய்லின் பக்கத்தில் உட்கார்ந்து, "அடுத்த வருஷம் உனக்காக ஆடறோம்க்கா" என்றாள்.

"எனக்காக யாரும் ஆட வேண்டாம். நான் ஆடணும்."

கெய்லின் இன்னொரு துண்டை எடுத்து நீட்டினாள்.

வெளியே எதிர் அணியின் பேருந்து பாட்டும் கூச்சலுமாகக் கிளம்பியது. வாசல் காவலாளி உள்ளே எட்டிக்கூடப் பார்க்காதவர். சிவந்த கண்களோடு வந்த ஷெல்பியைப் பார்த்து அவருக்கு மனசு இளகிவிட்டது.

"தோத்துட்டா என்னம்மா? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செய்தவன் ஒருவன், அனுபவித்தவர் வேறொருவர் என்று உங்கள் பக்கம் நடந்ததுண்டா? எழுதுங்கள், ஒன்று விடாமல் படிப்பேன்.