ஆயிரத்து இருபத்தைந்து சதவீதம்

அலுவலகம் புதுக் கட்டடத்துக்குப் போய் நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. மேசை, அலமாரி, தண்ணீர் வடிகட்டி, சுவர்க்கடிகாரம் என்று பிடுங்க முடிந்ததெல்லாம் லாரியேறிவிட்டது. பேருந்து முன்பதிவு ஓடும் சர்வர்களை மட்டும், கேபிள் வேலை முடியாததால், பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியிலேயே விட்டுவிட்டார்கள், அவற்றைப் பார்த்துக்கொள்கிறவளையும். போனில் அவளுக்கு இப்போது அதுவே பெயர். "மூணாவது மாடி, லாகின் ஆகல" என்பார்கள். ஆகிவிட்டால் வைத்துவிடுவார்கள்.

கணவன் கப்பலில் எஞ்சின் பார்க்கிறவன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை சிக்னல் கிடைத்தால் உண்டு. விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் எதைக் கேட்டாலும் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்புவாள். ஆக, காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அவள் வாய் திறக்கக் காரணமே இருக்காது. ஒருநாள் மதியம் தும்மிவிட்டு, அந்தச் சத்தத்துக்குத் தானே திடுக்கிட்டாள்.

வேலைக்கு உதவியாக ஒரு ஆள் வேண்டும் என்று எழுதிய முதல் கடிதத்துக்குப் பதிலில்லை. இரண்டாவது கடிதத்தோடு கண்காணிப்பு மென்பொருளின் வரைபடத்தை இணைத்தாள். முன்பதிவு சர்வரின் மூளையான செயலியின் சுமை நாளுக்கு நாள் ஏறிச் சிவப்பில் நின்றது. மேலாளர் மிரண்டுபோனார். உதவியாளர் ஒருவரைப் போடுவதற்கான கோப்பு மளமளவென்று நகர்ந்தது. இன்று நாலு மணிக்குக் கையெழுத்து. திங்கட்கிழமை ஆள் வந்துவிடும். சுமை ஏன் ஏறுகிறது என்று கோப்பில் வைக்க ஒரு பத்தி மட்டும் பாக்கி. அதை அவள் எழுதித் தர வேண்டும்.

காலையில் எண் ஆயிரத்து இருபத்தைந்து சதவீதம் காட்டியது. நூற்றுக்கு மேல் ஒரு செயலி எப்படி உழைக்கும் என்று மேலாளர் கேட்கவில்லை. அவளும் இத்தனை நாள் கேட்டுக்கொள்ளாமல் நழுவிக்கொண்டிருந்தாள். பத்தி எழுத உட்கார்ந்தபோது நழுவ வழியில்லை.

சர்வருக்குள் போய்ப் பார்த்தால் நான்கு செயலிகளும் தூங்கி வழிந்தன. மொத்தமே நாலு சதவீத வேலைதான். வரைபடத்தைப் பெரிதாக்கினாள். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரே ஒரு படியாக அது ஏறியிருந்தது. பாதியில் நின்றுபோன நிரல்களைப் பட்டியலிட்டாள். நாற்பத்தொன்று. அலுவலகம் போன மறுநாளிலிருந்து நாளுக்கு ஒன்று.

எல்லாம் அவள் எழுதிய நிரலின் வேலை. தினமும் ஆறு மணிக்கு அது முன்பதிவுகளை அடுத்த அறையிலிருந்த சேமிப்புப் பெட்டிக்கு நகலெடுக்கும். பெட்டி லாரியில் போய்விட்டது. நிரலுக்கு அதைச் சொல்ல வேண்டியவள் அவள்தான், மறந்துவிட்டாள். அன்றன்றைக்குக் கிளம்பிய நிரல் இல்லாத பெட்டியிடம் பதில் கேட்டு அப்படியே நின்றது. கண்காணிப்பு மென்பொருளோ உழைக்கிறதையும் சும்மா காத்து நிற்கிறதையும் ஒரே கணக்கில் சேர்த்து, நான்கு செயலிகளுக்கு வகுத்து, சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது.

நாற்பத்தொரு நாளாக நகல் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வேறொரு வட்டுக்கு நகலெடுக்க வைத்து, சரிபார்த்து முடித்த பிறகுதான் மூச்சு வந்தது.

கூடவே ஒரு யோசனையும் வந்தது. நகல் சரியாகிவிட்டது, இனி யாருக்கும் கெடுதலில்லை. நின்றுபோனவற்றை அப்படியே விட்டுவைத்தால் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். "முன்பதிவு நெரிசலால் சுமை" என்று எழுதக்கூடச் செய்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, இரண்டு வாய் தின்று, மூடினாள். வருகிற ஆள் விவரமானவராக இருந்தால் ஒரே வாரத்தில் இதைக் கண்டுபிடித்துவிடுவார். அதற்கப்புறம் அவரோடு என்னத்தைப் பேசுவது?

மூன்றரைக்கு, இல்லாத பெட்டியோடு இருந்த பழைய இணைப்பைத் துண்டித்தாள். நாற்பத்தொன்றும் மறைந்தன. சில நிமிடங்களில் எண் மளமளவென்று சரிந்து பச்சைக்கு வந்தது. புதுக் கட்டடத்துச் சுவர்த்திரையிலும் அது தெரிந்திருக்க வேண்டும், மேலாளரே கூப்பிட்டார்.

அவள் ஒளிக்காமல் சொன்னாள், நிரலை மாற்ற மறந்தது தன் தப்பு என்பதையும் சேர்த்து. அவர் கோபிக்கவில்லை. தினமும் அந்தச் சிவப்பைப் பார்த்துப் பார்த்து ரத்த அழுத்தம் ஏறிவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார். பிறகு பேனாவைத் திருகி மூடும் சத்தம் கேட்டது.

"அப்ப ஆள் வேண்டாம்தானேம்மா? நீயே கண்டுபிடிச்சு நீயே சரி பண்ணிட்ட."

"வேலைக்கு வேண்டாம் சார்."

"அப்புறம் எதுக்கு?"

இரண்டு கடிதத்திலும் எழுதாததை இப்போது சொல்ல வேண்டியிருந்தது. "இங்க பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் இல்ல சார். நாப்பத்தொரு நாளா."

அவர் தொண்டையைச் செருமினார். அதைக் கோப்பில் என்னவென்று எழுதுவது என்று மெல்லக் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

"ஆள் போட வேண்டாம் சார். நாலு சதவீதம்தான் ஓடுது, அது பக்கத்துல நான் எதுக்கு? அங்கிருந்தே பார்த்துக்கிறேன். என்னை அங்க கூப்பிட்டுக்குங்க."

"கூப்பிடலாம்மா. ஆனா எங்க உக்கார வைக்கிறது? ஒரு நாற்காலிகூடக் காலி இல்லையே."

அவர் பேசும்போது பின்னால் யாரோ யாரையோ கலாய்த்துக்கொண்டிருந்தார்கள். நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நின்னுக்கிறேன் சார்."