பதுருன்னிஸா போட்ட சிலுவை

எழுபத்தொன்று டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டு ஐந்தாம் நாள், போலீஸ் ஏட்டு ஒருவர் தூத்துக்குடி கன்னியர் மடத்தின் படியேறி வந்தார். அவரைக் கண்டதும் சிஸ்டர் கிளேரின் கண் மடத்து விடுதிப் பிள்ளைகள் பக்கம் ஓடியது. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். அவள் மடியில் ஏழு வயதுக் கனம் ஒன்று இருந்தது.

பெயர் பதுருன்னிஸா. அவள் தகப்பன், காயல்பட்டினத்து மூஸா நெய்னா, கிழக்குப் பாகிஸ்தானில், சிட்டகாங்கில் கடை வைத்திருந்தவர். அங்கே கலவரத்தில் மனைவியைப் பறிகொடுத்துவிட்டு, கையில் ஒரு காகிதமும் இல்லாமல் மகளைத் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். பாகிஸ்தானிலிருந்து வந்தவர்களை வீடு வீடாகத் தேடுகிறார்கள் என்றதும் பிள்ளையை இங்கே கொண்டுவந்து விட்டார். தன்னைப் பிடித்துப் போனாலும் போகட்டும், பிள்ளையை முகாமில் அடைத்துவிடக் கூடாது என்று அழுதார். மடத்துத் தலைவி மதர் அவளுக்கு மரியசெல்வி என்று பேர் வைத்து, சிலுவை போடப் பழக்கும் வேலையை சிஸ்டர் கிளேர் தலையில் கட்டினார்.

ஆள் தெரிந்து கட்டினாரா என்றால், அதுதான் இல்லை. சிஸ்டர் கிளேர் பெல்ஜியத்தில் ஒரு யூத வீட்டில் ரிவ்காவாகப் பிறந்தவள் என்பது இந்த ஊரில் ஈ காக்கைக்கும் தெரியாது. ஹிட்லரின் ஆட்கள் யூதர்களை அள்ளிக்கொண்டு போன காலத்தில், ஆறு வயதில், இதே போலொரு மடத்தில் அவளையும் பேர் மாற்றி ஒளித்து வைத்தார்கள். பெற்றவர்கள் திரும்பி வரவில்லை. ரிவ்காவும் திரும்பவில்லை.

ஏட்டு வராந்தாவில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பேர் கேட்டுக்கொண்டே வந்தார். பதுருன்னிஸா சொல்லிக்கொடுத்த பேரையும் ஊரையும் பிசிறில்லாமல் சொன்னாள்: மரியசெல்வி, தருவைகுளம்.

அந்த நேரம் பார்த்தா பள்ளிவாசலில் மாலை பாங்கு ஒலிக்க வேண்டும்? பாங்கு கேட்டால் முக்காடு போட்டே பழகிய கை, தன்னாலே தலைக்குப் போய்விட்டது. இல்லாத துணியை விரல்கள் தேடின. ஏட்டின் கண் அந்தக் கையிலேயே நின்றது. முடிந்தது கதை என்றே சிஸ்டர் நினைத்தாள்.

பிள்ளை கையை மெல்ல நெற்றிக்கு இறக்கினாள். அங்கிருந்து நெஞ்சு, இடது தோள், வலது தோள். கண்ணையும் மூடிக்கொண்டாள்.

"நல்ல பிள்ளையாத்தான் வளத்திருக்கீக, சிஸ்டர்," என்று சொல்லிவிட்டு ஏட்டு படியிறங்கிப் போனார்.

இந்தத் தந்திரத்தை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பயம்தான் சொல்லித்தந்தது. அந்த வாத்தியாரிடம் சிஸ்டரும் படித்தவள். போலீஸ் போன பிறகுதான் அவளுக்கு உண்மையான பயம் பிடித்தது. இன்னும் பத்து நாள் போனால் மூஸா நெய்னா வந்து யாரைக் கூட்டிக்கொண்டு போவார், பதுருன்னிஸாவையா, மரியசெல்வியையா?

பிள்ளையைப் பின்கட்டு அறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, எதிரே மண்டியிட்டாள்.

"இங்கன நாம ரெண்டு பேருதான், மக்கா. ஒரு ரகசியம் சொல்லுதேன். எனக்கு வீட்டுல வச்ச பேரு ரிவ்கா."

இருபத்தொன்பது வருஷமாக வாய்விட்டுச் சொல்லாத பேர்.

"உங்க வாப்பா உனக்கு வச்ச பேரு என்ன?" பிள்ளை தகப்பனைக் கூப்பிடும் சொல்லாலேயே கேட்டாள்.

பிள்ளை அவளை நேராகப் பார்த்தாள். ஏட்டைப் பார்த்த அதே பார்வை.

"மரியசெல்வி," என்றாள். "எங்க வீட்டுல வாப்பா இல்ல, சிஸ்டர். அப்பான்னுதான் கூப்பிடுவோம்."